பந்தலில் அளந்த திருப்தி

பேட்டரி சக்கர நாற்காலி வழங்கும் விழாக்களில் ஒரு சடங்கு உண்டு. பிரமுகர் சாவியை நீட்டுவார். நாற்காலியில் இருப்பவர் கும்பிட வேண்டும். 'இங்க பாருங்க' என்பார் போட்டோகிராபர். அது முடிந்த கையோடு ஒரு தாள் வரும்: 'உபகரணத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். எனக்குத் திருப்தி.' கையெழுத்து போட முடியாதவருக்கு மை தடவிய பேட் தயாராக இருக்கும். வண்டி இன்னும் ஒரு அடிகூட நகர்ந்திருக்காது. திருப்தி ஃபைலுக்குள் போயாயிற்று.

நூற்றுக்கு நூறு திருப்தி. ஏன் இருக்காது? காலையிலிருந்து பந்தலில் காய்ந்தவரிடம், கொடுத்தவரே எதிரில் நின்று கேட்டால், 'பிரேக் பிடிக்கலீங்கய்யா' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பந்தியில் பெண்ணின் அப்பா இலைக்கு முன்னால் வந்து நின்று 'சாம்பார் எப்படி?' என்று கேட்பாரே, அந்த ரக ஆய்வு இது.

அளக்கத் தெரியாத விஷயமில்லை. கனடாவின் கியூபெக்கில் ஆய்வாளர் லூயிஸ் டெமர்ஸும் சகாக்களும் இதற்கென்றே 'குவெஸ்ட்' என்றொரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். 12 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 8 கேள்விகள் சாதனத்தைப் பற்றி: எடை, பாதுகாப்பு, எத்தனை காலம் உழைக்கும், உட்கார்ந்தால் வலிக்கிறதா. மிச்சம் 4 கேள்விகள் கொடுத்தவர்களைப் பற்றி. ரிப்பேர் செய்துதந்தார்களா? அப்புறம் யாராவது வந்து விசாரித்தார்களா? கடைசியில், இந்தப் பன்னிரண்டில் உங்களுக்கு முக்கியமான மூன்று எவை என்றும் கேட்பார்கள். நம்மூர் முகாமுக்கு அந்தத் தாள் வந்தால், அந்த 4 கேள்விகளை முதலில் கிழித்துப் போடுவார்கள்.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. வாசலில் இரண்டு படி. தூக்க நாலு ஆள் வேண்டும். ஆட்டோவில் ஏறாது. பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். வண்டியைப் பெற்றவருக்கு இடது கை மட்டும்தான் வேலை செய்யும். ஜாய்ஸ்டிக் வலது பக்கம். மாற்றிப் பொருத்த நாலு திருகைக் கழற்றினால் போதும். அந்த நாலு திருகைக் கழற்ற அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. ஆகவே அவர் உடம்பை முறுக்கி, இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி ஓட்டிப் பழகினார். வண்டிக்கேற்ற மனிதர். கொஞ்ச காலத்தில் பேட்டரி உட்கார்ந்தது. மனிதர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். புது பேட்டரி ஜோடி சில ஆயிரம். மாத உதவித்தொகையில் சாப்பிடுவதா, சார்ஜ் ஏற்றுவதா?

1993-ல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவில் பிலிப்ஸும் சாவோவும் மாற்றுத்திறனாளிகள் 227 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். வாங்கிய சாதனங்களில் 29.3 சதவீதம் மூலைக்குப் போயிருந்தன. முக்கியக் காரணங்களில் ஒன்று: தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் அபிப்பிராயத்தை யாரும் மதிக்கவில்லை. இங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டம் 1981-லிருந்து நடக்கிறது. எத்தனை கொடுத்தோம் என்பதற்குப் பத்திரிகைச் செய்தி உண்டு. எத்தனை ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள், 'ஆண்டறிக்கையைப் பாருங்கள்' என்பார்கள். அதிலும் எத்தனை கொடுத்தோம் என்றுதான் இருக்கும். சொந்தக் காசில் வாங்குகிறவரையும் விடவில்லை. 2017-ல் சக்கர நாற்காலிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டார்கள். நடக்க முடியாதவர் நகர்வதற்கு வரி! அது உள்நாட்டுத் தயாரிப்பாளருக்கு நல்லது என்று விளக்கம் வேறு.

நாற்காலி மட்டுமல்ல, கோலின் கதையும் இதுதான். டெல்லி ஐஐடியில் பார்வையில்லாதவர்களுக்காக உருவான 'ஸ்மார்ட் கேன்' நல்ல சாதனம். சாதாரணக் கோலுக்குச் சிக்காத, முழங்காலுக்கு மேலே இருக்கும் தடையைக்கூட அதிர்ந்து சொல்லிவிடும். நடைபாதையில் பேனர் கட்ட நட்ட சவுக்குக் கழியையும் சொல்லும். கழியை நட்டவரை மட்டும் அதிரவைக்காது. பேனரில் என்ன இருக்கும் என்கிறீர்கள்? கோல் வழங்க வருகை தரும் பிரமுகருக்கு வரவேற்பு!

கருத்துக் கேட்கும் லட்சணமும் இதே தரம். பார்வையில்லாதவரிடம் அச்சடித்த தாள். காது கேளாதவருக்கு போன்: 'திருப்தி என்றால் எண் ஒன்றை அழுத்தவும்.' எடுக்கவில்லை என்றால் புகார் இல்லை என்று கணக்கு.

ஒரு மெக்கானிக் சம்பளம், உதிரி பேட்டரி, ஒரு ஸ்குரூ டிரைவர். ஆறு மாதம் கழித்து ஒருமுறை வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். இதற்கெல்லாம் நிதி ஒதுக்கீடு இல்லையாம். மேடை, மைக் செட், சால்வை, பூங்கொத்து, வந்தவர்களுக்கு பிரியாணி எல்லாவற்றுக்கும் இருந்தது. அந்த விழாவில் உண்மையிலேயே மிகத் திருப்தி அடைந்தவர் ஒருவர் உண்டு. பந்தல்காரர். அவருக்கு பில் பாஸாகிவிட்டது.