தீவாந்தர உத்தியோக விசாரம்

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே விமானத்திலிருந்து இறங்கி, தென்னை மரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு சுகஜீவனம் செய்யப் புறப்பட்ட மனிதர்களைப் பற்றிக் கவிகள் பாடியிருக்கிறார்கள், கதாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள், ஆனால் அவ்வாறு இறங்கியவர் இரண்டாவது மாத வாடகைக்கு என்ன செய்தார் என்பது பற்றிச் சாஸ்திரகாரர் எவரும் ஒரு சூத்திரமேனும் இயற்றாமல் விட்டது பெருங்குறையாகும். அக்குறையை இயன்ற மட்டும் நீக்கும் பொருட்டு, ஹவாய்த் தீவுகளில், விசேஷமாக ஹோனலூலு நகரத்தில், புதிதாக வந்து சேர்ந்தவர் கடைநிலை உத்தியோகம் தேடும் முறைமையை ஆராயத் துணிகிறோம்.

ஆராய்ச்சிக்கு எல்லை வகுப்பது மரபு. ஹோட்டல் அறைகளில் படுக்கை விரித்தல், சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்தல், சாப்பிட்டு எழுந்தவர்களின் மேஜையைத் துடைத்தல், வாடகைக் கார்களைக் கழுவி வரிசையில் நிறுத்துதல், வைகிக்கிக் கடற்கரையோரம் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் ஏபிசி கடைகளில் கல்லாவில் நிற்றல், கோனாப் பிரதேசத்தில் காப்பிப் பழம் பறித்தல் ஆகியவையே இங்கு உத்தியோகம் எனக் கொள்ளப்படும். டாக்டர்கள், ராணுவத்தார், மாமனார் வீட்டுச் சொத்துள்ளோர் ஆகியோர் விலக்கப்படுகின்றனர். பராக் ஒபாமா இளம் பிராயத்தில் ஹோனலூலுவில் ஒரு கடையில் ஐஸ்கிரீம் அள்ளிக் கொடுத்தார் என்பது பிரசித்தம். எனினும் 1961-இல் அவ்வூரிலேயே பிறந்துவிட்டவராதலால், பிற்காலத்தில் ஜனாதிபதி பதவி வரை உயர்ந்தும் அவர் நம் ஆராய்ச்சிக்குத் தகுதி பெறவில்லை. கவாய்த் தீவின் சைவ மடாலயத்தில், கணபதி ஸ்தபதி வகுத்த திட்டப்படி, பெங்களூருக்கு அருகே செதுக்கிக் கப்பலேற்றிய கற்களை இறைவன் கோயிலாக அடுக்கிக் கட்டச் சென்ற நம் நாட்டுச் சிற்பிகளையும் வருத்தத்துடன் விலக்க நேர்கிறது. ஏனெனில் அவர்கள் உத்தியோகத்தைக் கையில் வைத்துக்கொண்டே தீவில் கால் வைத்த பாக்கியசாலிகள்.

இனி விஷயத்துக்கு வருவோம். தர்க்க சாஸ்திரத்தில் அந்யோந்யாசிரயம் என்றொரு தோஷம் உண்டு. ஒன்றை நிரூபிக்க மற்றொன்று வேண்டும். அந்த மற்றொன்றை நிரூபிக்க முதலாவது வேண்டும். நம் பாட்டிமார் இதையே, பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள். ஹோனலூலுவில் வேலை கேட்டுப் போனால் உள்ளூர் விலாசம் எங்கே என்கிறார்கள். வீடு கேட்டுப் போனால் சம்பளச் சீட்டு எங்கே என்கிறார்கள். தீவுகள் அனைத்துக்கும் தொலைபேசியில் 808 என்ற ஒரே முன்னெண் அமைந்திருப்பதால், வேறோர் எண்ணை விண்ணப்பத்தில் எழுதுகிறவர், தாம் இன்னும் சுமார் 2,400 மைலுக்கு அப்பால் கலிபோர்னியாவில் உட்கார்ந்திருப்பதாகவே கருதப்படுகிறார், அவர் மேலாளரின் மேஜைக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாலும்.

இத்தகைய அவநம்பிக்கைக்குக் காரணம் யாது? வந்தவர்களுக்கு வேலை தெரியாது என்பதன்று. பாத்திரம் தேய்க்க எவருக்கும் தெரியும். வந்தவர்கள் போய்விடுவார்கள் என்பதே. இந்தப் பயம் நேற்று முளைத்ததும் அன்று. 1850-இல் ஹவாய் ராஜ்யம் எஜமானர் ஊழியர் சட்டம் என ஒன்றை இயற்றி, ஒப்பந்தத்தை முறித்து ஓடும் கூலியாளைப் பிடித்துக் கொணரவும், மேலும் முரண்டினால் சிறையிலிட்டுக் கடின வேலை வாங்கவும் வழி செய்தது. 1852-இல் சீனாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய கூலியாட்கள் ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்கும் மாதம் 3 டாலர் சம்பளத்துக்கும் கட்டுப்பட்டவர்கள். பின்னர் ஜப்பானியரும் போர்த்துகீசியரும் பிலிப்பைன் நாட்டினரும் வந்தனர். கரும்புத் தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த உலோக வில்லை ஒன்று தரப்பட்டது; பெயரைச் சொன்னால் கணக்கப்பிள்ளைக்கு விளங்காது, வில்லையைக் காட்டினால்தான் சம்பளம். 1900-இல் ஒப்பந்தக் கூலி முறை செல்லாததாயிற்று. 2016-இல் மாவுயித் தீவின் கடைசிச் சர்க்கரை ஆலையும் மூடப்பட்டது. கரும்பு போய் ஹோட்டல் வந்தது. சட்டமும் வில்லையும் போயின. பயம் மட்டும் போகவில்லை. ஓடுகிறவரைப் பிடித்துவரச் சட்டம் இல்லாமற் போனபடியால், இக்காலத்து மேலாளர் புன்சிரிப்புடன், "எத்தனை காலம் இங்கே இருப்பதாக உத்தேசம்?" என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்.

அவருடைய சந்தேகத்துக்கு இலக்கியப் பிரமாணமும் இருக்கிறது. திமிங்கில வேட்டைக் கப்பலொன்றிலிருந்து தப்பியோடிய ஹெர்மன் மெல்வில் என்ற இளைஞர் 1843-இல் ஹவாய் வந்து சேர்ந்து, ஹோனலூலுவில் ஒரு பந்துருட்டுக் கூடத்தில், பிறர் உருட்டித் தள்ளிய கட்டைகளை மறுபடி நிமிர்த்தி வைக்கும் உத்தியோகத்தைப் பெற்றார். கடைநிலை உத்தியோகங்களின் வரலாற்றில் இதனினும் தத்துவார்த்தமான பதவி ஒன்று இருந்ததாக நமக்குப் புலப்படவில்லை. பிறகு ஒரு வியாபாரியிடம் கணக்கெழுதச் சேர்ந்தார். அந்த ஆகஸ்டு மாதமே அமெரிக்கப் போர்க்கப்பலொன்றில் சாதாரண மாலுமியாக ஏறிப் போய்விட்டார். எட்டு வருஷங்களுக்குப் பின் அவர் எழுதிய 'மோபி டிக்' உலகப் புகழ் பெறும் என்பது அந்த வியாபாரிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆள் நிற்கவில்லை என்பது மட்டுமே தெரிந்திருக்கும்.

நேர்முகப் பேட்டிக்கு அணிய வேண்டிய உடை பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம். கோட்டும் கழுத்துப்பட்டையுமாகப் போகிறவர் கதவைத் திறக்குமுன்பே புதியவர் என்று தம்மைப் பிரகடனம் செய்துவிடுகிறார். அவ்வூரில் அலோஹா சட்டையே கௌரவ உடை. 1960களில் ஆடைத் தயாரிப்பாளர்கள் சட்டசபை அங்கத்தினர்களுக்கு அச்சட்டைகளை இனாமாக வழங்கி, வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் முழுவதும் அதை அணியும் வழக்கத்துக்கு அடிகோலினார்கள். ஆயின் சட்டையிலும் வருணபேதம் உண்டு. செம்பருத்தியும் கிளியும் கண்ணைப் பறிக்கும் புத்தம் புதிய சட்டை உல்லாசப் பயணிக்குரியது. துணியின் மறுபுறம் வெளியே தெரியுமாறு தைத்ததனால் பல வருஷம் வெளுத்தது போன்று மங்கித் தோன்றுவதே உள்ளூர்க் கனவானுக்குரியது. அனுபவஸ்தர் முதலில் மார்புப் பையைப் பார்ப்பார்: நல்ல தையற்காரர் வெட்டியதாயின் பையின் மேலுள்ள இலையும் சட்டையின் மேலுள்ள இலையும் ஒரு நூலிழைகூடப் பிசகாமல் பொருந்தி, பை இருக்கும் இடமே தெரியாது, மலிவுச் சரக்காயின் பாதிப் பூ ஒரு பக்கமும் பாதி மறுபக்கமுமாக அறுந்து நிற்கும். அடுத்தபடி பொத்தான், அது தேங்காய்ச் சிரட்டையா பிளாஸ்டிக்கா என்று. பாத்திரம் தேய்க்க வருகிறவருடைய பொத்தானைக்கூடவா பரிசோதிப்பார்கள் என்று பூர்வபக்ஷிகள் ஆட்சேபிக்கலாம். பரிசோதிக்க மாட்டார்கள், கண்ணில் தானே படும்.

வேலை கிடைத்துவிட்டதாகவே கொள்வோம். அங்கே 1974-ஆம் வருஷத்துச் சட்டமொன்று, நான்கு வாரம் தொடர்ந்து வாரத்துக்கு 20 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு முதலாளி வைத்தியக் காப்பீடு எடுத்துத் தர வேண்டுமென்று விதிக்கிறது. உத்தமமான சட்டம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதன் பயனாக உலகத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காத 19 மணி உத்தியோகம் என்னும் ஜாதி அங்கே தழைத்திருக்கிறது. 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். ஆகவே 19 மணிக்கு 304 டாலர். நான்கு வாரத்துக்கு 1,216. சிறிய அறையின் வாடகையே சர்வசாதாரணமாக ஆயிரத்தைத் தாண்டும் ஊரில், பாலும் ரொட்டிமாவும் கப்பலேறி வரும் ஊரில், இத்தொகை அறைக்கு உதவும். அறைக்குள் இருப்பவருக்கு உதவாது. ஆகையால் அவர் இன்னொரு 19 மணி உத்தியோகத்தைத் தேடிக்கொள்கிறார். காலையில் ஒரு கல்லா, மாலையில் ஒரு சமையற்கட்டு. மொத்தம் 38 மணி உழைத்தும், இருவரிடமும் அரை ஆளாகவே இருந்து, காய்ச்சல் வந்தால் காப்பீடற்ற முழு ஆளாகப் படுத்துக்கொள்கிறார். சங்கம் வலுவாயுள்ள பெரிய ஹோட்டல்களில் நிலைமை மேலானதுதான். சம்பளமும் சலுகையும் உண்டு. ஆனால் அங்கே எல்லாம் சர்வீஸ் வரிசைப்படி நடப்பதால், அதே தளத்தில் அதே அறைகளை இருபது முப்பது வருஷமாகச் சுத்தம் செய்துவரும் அம்மாள்களுக்கெல்லாம் கீழே புதியவரின் பெயர் கடைசியாக எழுதப்படும். கூப்பிட்டால் போவது, கூப்பிடாவிட்டால் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது.

தீவு வேலை செய்யும் ஆளைத் தேடவில்லை, தங்கும் ஆளைத் தேடுகிறது என்பதே எமது சித்தாந்தம். இவ்வளவும் படித்த பின்னரும் போயே தீருவேன் என்னும் வாசகர், மூன்று மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுவாராக. விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோகவும். உணவுச்சாலையாயின் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் சேர்வதற்கு முன், பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள் போகவும். சட்டையைப் பழைய துணிக்கடையில் வாங்கவும். திரும்பிவரும் விமானச் சீட்டுக்குப் பணம் ஒதுக்கி வைத்திருப்பதும் விவேகமே. அதை மேலாளரிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.