வராதவர் வகையும் அளவையும்: அடுத்த பயிற்சியாளர் குறித்து ஓர் ஆய்வு

சம்பளமில்லாமல், விடுப்பில்லாமல், யாரும் கேட்காமல் ஆள்தேர்வு வேலை பார்ப்பவர் உலகில் ஒருவர்தான். அவர் கால்பந்து ரசிகர். தம் அணிக்கு அடுத்த தலைமைப் பயிற்சியாளர் யார் என்று அவர் நடத்தும் விவாதத்தின் பரப்பைப் பார்த்தால், இதற்கென ஒரு பல்கலைக்கழகத் துறை இதுவரை தொடங்கப்படாதது வியப்பாக இருக்கிறது. அந்தக் குறையை ஒரு சிறிதளவு நீக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம் இங்கிலாந்து. அங்கும் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர், மான்செஸ்டர் யுனைட்டெட் என்ற இரண்டு அணிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அண்மை ஆண்டுகளில் தரவு அங்கேதான் மலிந்து கிடக்கிறது.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்க்க வேண்டும். இந்த விவாதம் எப்போது தொடங்குகிறது? பதவி காலியானதும் தொடங்குகிறது என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் கூறுவர். அது பொருந்தாது. 1989 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெடின் ஓல்ட் டிராஃபோர்டு அரங்கில் ஒரு ரசிகர் பதாகை பிடித்தார். மூன்று வருடமாகச் சாக்குப்போக்குதான் கேட்கிறோம், போய் வாருங்கள் என்பது அதன் சாரம். வழியனுப்பப்பட்டவர் பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசன். அவர் 2013 வரை போகவில்லை. இடைப்பட்ட காலத்தில் 13 லீக் பட்டங்களை வென்றார். பதாகை பொய்த்தது எனலாமோ எனின், ஆகாது. பதாகையைப் பார்த்துத்தான் அவர் திருந்தினார் என்று ரசிகர் தரப்பு வாதிடும். தோற்கவே முடியாத வாதங்களை இத்துறை எவ்வளவு எளிதாக உற்பத்தி செய்கிறது என்பதற்கு இது முதற்சான்று. ஆக, பயிற்சியாளர் நாற்காலியில் இருக்கும்போதே விவாதம் தொடங்குகிறது. சொல்லப்போனால் அவர் இருப்பதுதான் விவாதத்தின் காரணம்.

களத்தரவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எல்லா விவாதங்களுக்கும் பொதுவான விதி ஒன்று புலப்பட்டது. பிற்காலத்தார் மனனம் செய்ய வசதியாக அதை நூற்பாவாகவே யாத்துள்ளோம்:

இருப்பவர் கடையே; இருந்தவர் இடையே;
வாரா தவரே தலையென மொழிப.

உரை வருமாறு: இப்போது பதவியில் இருப்பவர் கடைத்தரம். முன்பு இருந்து, துரத்தப்பட்டு, நாளடைவில் நல்லவராகிவிட்டவர் இடைத்தரம். ஒருபோதும் வராதவரே தலைசிறந்தவர். ‘மொழிப’ என்றது, இது ஆய்வாளர் கருத்தன்று, அரங்கின் நான்கு பக்கத்தாரும் கூறுவது என்பதைக் குறித்தற்கு.

தலைத்தரத்துக்கு எடுத்துக்காட்டு ஜினெடின் ஜிடேன். ரியல் மாட்ரிட்டுக்காக 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று முறை சாம்பியன்ஸ் லீக் வென்றவர். 2021 மே மாதம் அங்கிருந்து விலகியபின் நான்கு ஆண்டுகள் எந்த அணிக்கும் பயிற்சியளிக்கவில்லை. அந்த நான்கு ஆண்டுகளிலும் அவர் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை என்பதைக் கவனிக்க. வேலையில் இருக்கும் எந்தப் பயிற்சியாளரும் எட்ட முடியாத சாதனை இது. ஐரோப்பாவின் ஏதாவதொரு பெரிய அணி இரண்டு ஆட்டங்கள் தோற்றால் போதும், அவர் பெயர் பட்டியலின் மேலே வந்துவிடும்.

இடைத்தரத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. அது வீட்டுப்பிள்ளை. முன்னாளில் அதே அணிக்கு ஆடி, ஒரு மறக்க முடியாத கோலும் அடித்திருந்தால் அவருக்கு அணியின் மரபணு இருக்கிறது என்பர். மரபணு இருக்கிறதா என்று பரிசோதிக்க எந்த ஆய்வகமும் தேவைப்பட்டதில்லை. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் முடியும் தறுவாயில் கோல் அடித்த ஓலே குன்னர் சோல்ஷயர், 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெடுக்குத் தற்காலிகப் பயிற்சியாளராக வந்தார். முதல் 19 ஆட்டங்களில் 14 வெற்றி. 2019 மார்ச்சில் பாரிஸ் அணியை அதன் சொந்த மண்ணில் வீழ்த்திய இரவு, முன்னாள் வீரர் ரியோ ஃபெர்டினாண்ட் தொலைக்காட்சியில், ஒப்பந்தத்தை மேசைமேல் வையுங்கள், தொகையை அவரே எழுதிக்கொள்ளட்டும் என்று முழங்கினார். அதே மாதம் பதவி நிரந்தரமானது. நிரந்தரமானதும் நூற்பாவின் முதலடி தன் வேலையைக் காட்டத் தொடங்கியது.

இனி அளவைகள். ஒரு பெயரை முன்மொழியும் ரசிகர் அதை எவ்வாறு நிறுவுகிறார் என்பதே இத்துறையின் உயிர்நிலை. தருக்க நூலார் வகுத்த அளவைகள் அத்தனையும் இங்கே புழக்கத்தில் இருக்கின்றன. மணிமேகலைக்குத் தத்துவம் போதித்தவர்கள் வடக்கு லண்டனில் ஒரு சனிக்கிழமை மாலை நின்றிருந்தால் பெரிதும் மகிழ்ந்திருப்பார்கள்.

காட்சியளவை மிக எளியது. பயிற்சியாளரை விமான நிலையத்தில் ஒருவர் பார்த்துவிட்டார். பார்த்தது முதுகை என்பது பொருட்டல்ல. கருதலளவை சற்று நுட்பமானது. மலையில் புகை கண்டு தீ உண்டு என்று துணிவது பழைய உதாரணம். இன்றைய உதாரணம், மிலானிலிருந்து லூட்டனுக்கு ஒரு தனி விமானம் புறப்பட்டதைக் கைபேசியில் கண்டு, அதற்குள் பயிற்சியாளர் அந்தோனியோ கோன்டே இருக்கிறார் என்று துணிவது. உரையளவைக்குச் சொல்பவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும் என்பது முன்னோர் விதி. இங்கே விதி தலைகீழ். சொன்னவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறாரோ அவ்வளவு நம்பகம். பயிற்சியாளரே சொன்னால் அது நாடகம். அவருடைய முகவர் சொன்னால் சம்பளத்தைக் கூட்டப் போடும் தூண்டில். அரங்கில் புல் வெட்டுபவரின் மச்சினன் சொன்னால் அது முடிந்த காரியம்.

ஒப்பளவையால் விளைந்த கேட்டுக்கு 2013 சாட்சி. பெர்குசன் கிளாஸ்கோக்காரர். டேவிட் மோயசும் கிளாஸ்கோக்காரர். இருவரும் கண்டிப்பானவர்கள், இருவரும் நீண்டநாள் ஒரே அணியில் நிலைத்தவர்கள். ஆகவே பெர்குசனின் இடத்தில் மோயசுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற பதாகை அரங்கில் தொங்கியது. பத்து மாதங்களில் அவர் வேலை போயிற்று. அதற்குச் சில வாரங்கள் முன், அவரை வெளியேறச் சொல்லும் வாசகத்தை வாலில் கட்டிக்கொண்டு ஒரு சிறு விமானம் அரங்கின் மேல் வட்டமிட்டது. அன்றைய ஆட்டத்தில் யுனைட்டெட் ஆஸ்டன் வில்லாவை 4-1 என்று வென்றது. விமானத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று, வெற்றிக்காக அதைத் திருப்பியனுப்ப முடியுமா என்ன?

ஆனால் அளவைகளுள் தலையாயது இன்மையளவைதான். அவர் மறுக்கவில்லை, ஆகவே வருகிறார். மறுத்துவிட்டால்? எதுவும் இல்லாமல் ஒருவர் ஏன் மறுக்கப் போகிறார், ஆகவே உறுதியாக வருகிறார். இந்த அளவைக்கு எதிர்ச்சான்று கொண்டுவர எவராலும் இயலாது. வேறு ஓர் அணியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒளிப்படம் எடுத்துக்கொண்டால் மட்டும் ஒரு வாரம் அமைதி நிலவும்.

இவற்றோடு பந்தய நிறுவனங்களின் விகிதப் பட்டியலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வதந்தியைக் கேட்டு ரசிகர்கள் பணம் கட்டுவார்கள். பணம் குவிந்ததால் அந்தப் பெயருக்கு விகிதம் குறையும். விகிதம் குறைந்ததைக் காட்டி வதந்தி உறுதிப்படும். இதைத் தருக்க நூலார் அன்யோன்யாசிரயம் என்று குற்றப் பட்டியலில் வைத்தார்கள். இங்கிலாந்தில் இதற்கு உரிமம் பெற்றுக் கடை நடத்துகிறார்கள்.

இனி களஆய்வு. 2021 ஏப்ரல் 19 அன்று டாட்டன்ஹாம் ஜோஸே மொரின்யோவை நீக்கியது. ஆறு நாளில் லீக் கோப்பை இறுதியாட்டம் இருந்தது என்பதை நிர்வாகம் ஒரு தடையாகக் கருதவில்லை. 29 வயது ரயன் மேசன் பொறுப்பேற்றார். ரசிகர்கள் யூலியன் நாகல்ஸ்மானைக் கேட்டார்கள். எட்டாம் நாள் பயர்ன் மியூனிக் அவரை அறிவித்தது. பழைய பயிற்சியாளர் பொச்செட்டினோ திரும்பி வருவார் என்றார்கள், அவர் பாரிஸ் அணியிலேயே இருந்தார். கோன்டேயுடன் பேச்சு நடந்து முறிந்தது. பவ்லோ ஃபொன்சேகா ஏறக்குறைய முடிவாகி, பின் முடியாமற் போனார். அடுத்து ஜென்னாரோ கட்டூசோ பெயர் அடிபட்டதும் ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். அவர் முன்பு பெண்களைப் பற்றியும் இனவெறி பற்றியும் பேசியவற்றை எடுத்து அடுக்கினர், கழகம் பின்வாங்கியது. விளையாட்டாக எழுதிவரும் இக்கட்டுரை இந்த இடத்தில் மட்டும் ரசிகர் பக்கம் நிற்கிறது. அவர்கள் சொன்னது நியாயம். மாப்பிள்ளை தேடி அலுத்த வீட்டில் கடைசியில் முடிகிற வரனைப்போல, 72-ஆம் நாளான ஜூன் 30-இல் நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ நியமிக்கப்பட்டார்.

நூனோ முதல் மூன்று லீக் ஆட்டங்களையும் 1-0 என்று வென்றார். அவற்றுள் ஒன்று நடப்புச் சாம்பியன் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரானது. ஆகஸ்ட் மாதத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்றார். நவம்பர் முதல் தேதி நீக்கப்பட்டார்.

அதற்கு இரண்டு நாள் முன், அக்டோபர் 30-இல் நடந்த ஆட்டம் இத்துறையில் பாடநூலாக வைக்கத் தக்கது. டாட்டன்ஹாமும் மான்செஸ்டர் யுனைட்டெடும் மோதின. ஒரு பக்கம் நூனோ. மறுபக்கம் ஆறு நாள் முன்புதான் சொந்த அரங்கில் லிவர்பூலிடம் 0-5 என்று தோற்றிருந்த சோல்ஷயர். இரு அணி ரசிகர்களில் பெருந்தொகையினர் அடுத்தவராக விரும்பியது ஒரே ஆளை. வேலையில்லாமல் இருந்த கோன்டேதான் அவர். யுனைட்டெட் 3-0 என்று வென்றது. தோற்ற டாட்டன்ஹாமுக்குக் கோன்டே கிடைத்தார். வென்ற யுனைட்டெடுக்குச் சோல்ஷயரே மிஞ்சினார், அவரும் மூன்று வாரத்தில் வாட்ஃபோர்டிடம் 1-4 என்று தோற்று வேலையிழந்தார். வெற்றியால் ஓர் அணி அடைந்த நட்டத்தை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் அளக்க முடியாது. கோன்டே அந்தப் பருவத்தில் டாட்டன்ஹாமை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு அவரும் ‘இருப்பவர்’ ஆனார். 2023 மார்ச்சில் செய்தியாளர் முன் தம் வீரர்களையே வறுத்தெடுத்துவிட்டு விலகினார்.

முன்னாய்வுகளை இத்தனை தாமதமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம், அவை ரசிகர்களுக்கு ஒவ்வாதவை. நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் ஆட்டங்களை ஆராய்ந்தார். பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும், அதேபோல் சரிந்தும் மாற்றாமல் விட்ட அணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். மாற்றியதால் தனிப்பயன் எதுவும் தென்படவில்லை. சரிந்த அணி எப்படியும் தன் வழக்கமான நிலைக்குத் திரும்புகிறது, அந்த நேரத்தில் புதிதாக வந்து நிற்பவர் பெயர் வாங்கிக்கொள்கிறார். இந்த முடிவை ரசிகர் ஒருவரிடம் எடுத்துரைத்தால், சரிதான், ஆனால் அது டச்சு லீக் என்பார்.

இறுதிச் சான்றுக்கு வருவோம். 2025 மே 21, பில்பாவோ நகரில் யூரோப்பா லீக் இறுதியாட்டம். மீண்டும் அதே இரண்டு அணிகள். பிரீமியர் லீகில் யுனைட்டெட் அந்தப் பருவத்தை முடித்தது 15-ஆம் இடத்தில், டாட்டன்ஹாம் 17-இல். குளிர்காலம் முழுவதும் டாட்டன்ஹாம் ரசிகர்களிற் பலர் பயிற்சியாளர் ஆஞ்ச் பொஸ்டெகோக்ளுவுக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தனர். 1-0 என்று டாட்டன்ஹாம் வென்றது. 17 ஆண்டுகளில் முதல் கோப்பை. பதினாறு நாள் கழித்து நிர்வாகம் பொஸ்டெகோக்ளுவை நீக்கியது. ரசிகர்கள் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. கேட்டவர்களிலேயே பலர், கோப்பை வாங்கித் தந்தவரை இப்படியா அனுப்புவது என்று கொந்தளித்தனர். இதில் முரண் ஏதுமில்லை. அன்று காலை வரை அவர் இருப்பவர், மாலையில் இருந்தவர். நூற்பா அவரைக் கடையிலிருந்து இடைக்கு உயர்த்தியது, அவ்வளவே. சில நாட்களில் பிரென்ட்ஃபோர்டிலிருந்து தாமஸ் ஃபிராங்க் வந்து கடைத்தரத்தில் அமர்ந்தார்.

எனவே கழக உரிமையாளர்களிடம் இவ்வாய்வு வைக்கும் விண்ணப்பம் ஒன்றே. யாரை வேண்டுமானாலும் நியமியுங்கள், எப்போது வேண்டுமானாலும் நீக்குங்கள். ஜிடேனை மட்டும் எந்த நிலையிலும் அழைத்து வந்துவிடாதீர்கள். அவரும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு மழையில் தோற்றுவிட்டால், அடுத்தவர் என்று சொல்வதற்கு ரசிகர்களிடம் ஆள் இருக்காது.