பேட்டரியா, ஸ்டார்ட்டரா?

கேள்வி: காலையில் சாவியைத் திருப்பினால், கார் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரி என்கிறார். மெக்கானிக் ஸ்டார்ட்டர் மோட்டார் என்கிறார். யாரை நம்புவது?
– ஈரோடு வாசகர்

பதில்: ஹெட்லைட்டை நம்புங்கள், அதற்குக் கமிஷன் கிடையாது! விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கி, ‘டக்டக்டக்’ என்று அடுக்கடுக்காகச் சத்தம் வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. அல்லது டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறது. முதலில் அதைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். புது பேட்டரியைவிட உப்புத்தாள் மலிவு.

வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு ‘டக்’ என்றால், சந்தேகம் ஸ்டார்ட்டர் மேல். மெக்கானிக் ஜெயித்தார்.

மல்டிமீட்டர் இருக்கிறதா? இரவெல்லாம் ஓய்வெடுத்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் காலி. ஜம்பர் கேபிள் போட்டதும் கிளம்பி, மறுநாள் மறுபடி படுத்துக்கொண்டால் ஆல்டர்னேட்டரையும் விசாரியுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்க வேண்டும்.

இன்ஜின் ஜோராகச் சுற்றியும் கிளம்பவில்லையா? பேட்டரி, ஸ்டார்ட்டர் இரண்டுமே நிரபராதிகள். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள்!