சுட்டது சைலன்சர்

மணலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே குண்டு டயர் மாட்டிய நாலு சக்கர வண்டி ஒன்று உண்டு. கடற்கரை ரோந்துக்குப் போலீஸ்காரர்கள் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். ஆனால் தூத்துக்குடிக்காரனிடம் எந்த நிலத்திலும் போகிற வண்டி எது என்று கேட்டால் மொபெட்டைத்தான் காட்டுவான். தருவைகுளத்தில் ஐஸ் பெட்டியோடு மீன் சுமக்கும், உப்பளத்து வரப்பில் மூட்டை சுமக்கும், உடன்குடிப் பக்கம் கருப்பட்டி சுமக்கும். கல்யாண வீட்டுக்குப் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் இரண்டு, சீர்வரிசைக் குத்துவிளக்கு ஒன்று.

என்னிடம் இருப்பதும் அந்த இனத்தில் ஒரு கிழட்டு டூ ஸ்ட்ரோக். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டிக்கொண்டு குதிரைமொழித் தேரிக்குப் போனேன். தேரி மணல் பார்க்கச் சிவப்பு, பழகப் பொல்லாதது. காதில், சட்டைப்பையில், சாப்பாட்டு டப்பாவில் என்று எல்லா இடத்திலும் குடியேறிவிட்டது. திரும்பி வந்ததும் வண்டியைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நானே மறுபடி மாட்டினேன். கடைசியில் ஒரு நட்டு மிச்சம் நின்றது. மிச்சம் என்றால் லாபம்தானே என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி துறைமுகச் சாலையில் வரும்போது வலது காலில் அனல் அடித்தது. குனிந்து பார்த்தால் சைலன்சரின் பெண்ட் பைப்பு, என்ஜினோடு சேருகிற இடத்தில், மங்கலாகச் சிவந்திருக்கிறது. இருட்டில் இரும்பு அப்படிச் சிவக்க ஏறத்தாழ 500 டிகிரி வேண்டும். கெண்டைக்காலில் சைலன்சர் தழும்பு இல்லாதவர் நம் ஊரில் அபூர்வம். எனக்கு ஏற்கெனவே இரண்டு உண்டு, மூன்றாவதற்கு இடமில்லை. இறங்கி உருட்டிக்கொண்டே டீக்கடைக்கு வந்தேன்.

தூத்துக்குடியில் டீக்கடைக்கு வண்டியை உருட்டிக்கொண்டு வருவது, நோயாளியை மருத்துவக் கல்லூரி வகுப்புக்குள் கொண்டுபோய்ப் படுக்கவைக்கிற மாதிரி. "கரி அடைச்சிருக்கும்வே, சைலன்சரைக் கழத்தி நெருப்புல போடும்" என்றார் ஒருவர். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிவதால் கரி படிவது உண்மைதான், ஒரு காலத்தில் அப்படிப் போட்டு வாட்டியும் இருக்கிறார்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிட்டது என்றார் இன்னொருவர். ஊரில் எதற்குமே அதுதான் காரணம், கல்யாணம் தட்டிப்போவது உட்பட. "ராத்திரி ஓட்டாதீரு, பகல்ல சிவப்பு தெரியாது" என்ற மூன்றாமவரின் யோசனைதான் செலவில்லாதது.

மூலையில் ஒரு பெரியவர் இருந்தார். 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பைச் சின்னப் பையனாகக் கரையில் நின்று பார்த்தவர், வளர்ந்தபின் சங்கு குளிக்கப் போனவர். எல்லாரும் வண்டியின் பின்புறத்தையே மொய்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்றார். காதைச் சாய்த்துக் கேட்டார். "மூச்சு ரொம்ப இழுக்குது. இப்படி இழுத்தா ஆகாது" என்று சொல்லிவிட்டு மறுபடி டீயை எடுத்துக்கொண்டார். மூச்சையே முதலாகப் போட்டுப் பிழைத்த மனுஷன். நான்தான் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் தம்பி பிளக்கைக் கழற்றி வெயிலில் நீட்டினான். காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று போதும். அளவுக்கு மீறிக் காற்று புகுந்தால் கலவை மெதுவாக எரியும். சிலிண்டருக்குள் முடிய வேண்டிய எரிதல் வாசல் தாண்டியும் தொடரும், பெண்ட் பைப்பு சிவக்கும். இப்படியே ஓட்டினால் அடுத்தது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

"ஏர் ஃபில்டர் எங்க அண்ணாச்சி?" என்றான். டப்பா இருக்கிறது, உள்ளே இருக்க வேண்டிய ஸ்பாஞ்சைக் காணோம். அதைத் தாண்டித்தான் காற்று வரும் என்று கணக்குப் போட்டுத்தான் கார்புரேட்டரில் ஜெட் அளவே வைத்திருக்கிறார்களாம். அது இல்லாமல் போனால் காற்றுக்குக் கொண்டாட்டம், கூடவே மணலும் உள்ளே போகும். மிச்சம் நின்ற நட்டு எதனுடையது என்று அப்போதுதான் புரிந்தது.

ஸ்பாஞ்சைக் கழுவி மாடிக் கொடியில் காயப்போட்டது ஞாபகம் வந்து வீட்டுக்கு ஓடினேன். கொடி காலி. அடுப்படியில் என் வீட்டுக்காரி அயிலை வைத்த சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் கறுப்பாக ஒன்று. "இது எந்தக் கடையில வாங்கினீங்க? மூணு நாளாத் தேய்க்கிறேன், பிய்யவே மாட்டேங்குது" என்றாள்.

வண்டிக்குப் புது ஃபில்டர் வாங்கி மாட்டியாயிற்று. பழையது இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது.