‘சுத்து’ என்னும் வினையின் பொருள் விரிவு: அண்ணாமலை வட்டார வழக்கை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

1755இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினைச்சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு அதன் பொருளையே மாற்றிவிடும் சிறு சொற்கள் அயலாருக்குப் பெருந்தொல்லை என்று முன்னுரையில் குறித்துவைத்தார். ‘ஹேங்’ என்றால் தொங்கு. ‘ஹேங் அப்’ என்றால் போனை வை. ‘ஹேங் அவுட்’ என்றால் கூட்டாளிகளோடு வெட்டியாகப் பொழுதைக் கழி. ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டாரோடு பேசிப் பழகிய செங்கம் ரோட்டு ஆட்டோக்காரர்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. ஜான்சன் திருவண்ணாமலைக்கு வந்து ‘சுத்து’ என்ற ஒரே வினையிடம் மாட்டியிருந்தால் அகராதி வேலையையே கைவிட்டிருப்பார் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

முன்னோர் ஆய்வுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திவாகர நிகண்டு தன் பதினோராம் தொகுதியை ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதற்கென்றே ஒதுக்கியது. ஆனால் அது பெயர்களின் தொகுதி, வினைகள் தப்பித்துக்கொண்டன. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதைத் தொகுத்தவர்களில் எத்தனை பேர் பௌர்ணமி இரவில் மாட வீதியில் நின்று காது கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. எழுத்தில் ‘சுற்று’, வாயில் ‘சுத்து’. காற்று காத்தானதுபோல் இதுவும் ஆனது, அவ்வளவே. ‘சுத்தமா இருந்து சுத்துறதாலதான் சுத்து’ என்று டீக்கடையில் ஒரு சொற்பிறப்புக் கொள்கை நிலவுகிறது. இரண்டாவது கிளாஸ் டீக்குப் பிறகு அது ஆணியடிக்கும் சுத்தி வரைக்கும் நீள்வதால் இங்கே தள்ளப்படுகிறது.

முதலில் வேற்றுமை. ‘மலை சுத்துறான்’ என்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஐ மறைந்து நிற்கிறது. மலை அசையாது, ஆள் நடக்கிறான். ‘தலை சுத்துது’ என்பதில் தலையே எழுவாய். பகல் பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு வாயு லிங்கத்தைத் தாண்டும் ஒருவர் ‘மலை சுத்துது’ என்று சொன்னால் அது இலக்கணப் பிழையன்று. உடனே நிழலில் உட்கார வைத்து மோர் கொடுக்க வேண்டும்.

அடுத்து, செயப்படுபொருள். இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் பார்த்தபடி 14 கிலோமீட்டர் நடந்தால் ‘மலை சுத்தினு வந்தேன்’ என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அதே 14 கிலோமீட்டரை, அதே காலால், பேருந்து நிலையம், தேரடி, பெரிய தெரு என்று நடந்தால் ‘ஊரு சுத்தினு வரான்’ என்று வீட்டில் சோறு போட யோசிப்பார்கள். செயப்படுபொருளே இல்லாமல் ‘சும்மா சுத்தினு இருக்கான்’ என்றால் நிலைமை இன்னும் மோசம், வந்த வரன் திரும்பிப் போய்விடும். விவரமான தரகர் அந்த இடத்தில் ‘மலையை’ என்று ஒரு சொல்லைச் செருகுவார். இரண்டாம் வேற்றுமை உருபு ஒரு குடும்பத்தைக் கட்டிவைத்த வரலாறு தொல்காப்பிய உரைகளிலும் இல்லை.

ஆக, ‘சுத்து’ என்பதன் பொருளைத் தீர்மானிப்பது நடையன்று, நடுவில் இருப்பது எது என்பதே. இதை மையக் கோட்பாடு என்று பெயரிட்டு முன்மொழிகிறேன். மலை நடுவில் இருந்தால் புண்ணியம். எதிராளியின் காது நடுவில் இருந்தால் பூச்சுத்தல். ஒரு பெண் நடுவில் இருந்து, அவளும் நகர்ந்துகொண்டே இருந்தால் ‘பின்னால சுத்துறது’. உப்பும் மிளகாயும் கையிலிருக்க நடுவில் குழந்தை இருந்தால் சுத்திப் போடுதல். நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டால் அது கைமுறுக்கு. அங்கே மட்டும் எத்தனை சுத்து என்பதற்குத் தனி மதிப்புண்டு.

துணைவினை சேர்ந்தால் குழப்பம் கூடுகிறது. ‘சுத்திக் காட்டு’ உறவினருக்கு. ‘சுத்தி வளை’ போலீசுக்கும், கடன் கேட்க வந்து வானிலையில் ஆரம்பிப்பவருக்கும் பொது. ‘சுத்தல்ல விடு’ என்பது அலுவலக வழக்கு. மனுவோடு வந்தவரை இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்கு அனுப்பும் கலை. அங்கும் அட்ட திக்குகளிலும் ஒவ்வொருவர் அமர்ந்திருக்கிறார்கள், ஆனால் விபூதி கிடைக்காது.

ஒருபொருட் பன்மொழிகளையும் சோதித்தாக வேண்டும். ‘வலம் வா’ அழைப்பிதழில் மட்டும் உயிர் வாழ்கிறது. ‘பிரதட்சணம்’ பெரியவர்களோடு சரி. ‘அலை’, ‘திரி’ இரண்டும் புண்ணியம் ஒட்டாத சொற்கள். ‘மலையைச் சுத்தி அலைஞ்சேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் விட்ட இடத்தில் செருப்பு இல்லை என்று அறிக. ‘ரவுண்டு’ ஆபத்தானது. ‘நேத்து ரெண்டு ரவுண்டு போனாரு’ என்று சொல்லி நிறுத்தினால், 28 கிலோமீட்டர் நடந்த பக்தரின் பெயர் கெட்டுவிடும். இன்னொரு நுணுக்கம்: ஊரைத் தனியாளாகச் சுற்றினால் ஊர் சுத்தல், கூட்டமாக, மேளத்தோடு, போலீஸ் அனுமதி வாங்கிச் சுற்றினால் ஊர்வலம்.

இக்கோட்பாட்டுக்கு வரும் கடினமான சோதனை மாட்டுப் பொங்கலன்று நடக்கும் திருவூடல். பிருங்கி முனிவர் அம்மனை விட்டுவிட்டுச் சுவாமியை மட்டும் சுற்றியவர். இருவரும் ஓருடலாக இணைந்தபோதும் வண்டாகிக் குடைந்துகொண்டு ஒரு பாதியை மட்டும் சுற்றினார் என்பது புராணம். வினையின் செயப்படுபொருளை இவ்வளவு துல்லியமாகக் கையாண்ட இன்னொருவர் இல்லை. அவருக்கு அருள் செய்வதுபற்றி வந்த ஊடலில் அம்மன் கோயிலுக்குத் திரும்பிவிட, அண்ணாமலையார் தனியாகக் கிரிவலம் கிளம்புகிறார். வீட்டில் சண்டை வந்தால் வெளியே ஒரு சுத்து போய்விட்டு வரும் வழக்கத்துக்கு இதைவிட உயர்ந்த மேற்கோள் வேண்டுமா? ஆனால் சிக்கல் வேறிடத்தில். மலையே சிவன் என்பது இவ்வூர்க் கொள்கை. அப்படியானால் சுற்றுபவரும் அவர், சுற்றப்படுவதும் அவர், எழுவாயும் செயப்படுபொருளும் ஒன்று. இத்தகைய வாக்கியத்துக்கு வேறு ஒரே எடுத்துக்காட்டுதான் உண்டு: பள்ளிப் பாடநூலில், தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் பூமி. அதுவும் கூடவே சூரியனையும் சுற்றுகிறது என்பதால் முழு ஒப்புமை ஆகாது.

கடைசியாக ஆட்டோ. பௌர்ணமி அல்லாத நாளில் முட்டிவலிக்காரர்கள் ஆட்டோவில் ஏறி ‘மலை சுத்திட்டோம்’ என்கிறார்கள். ‘ஒரு நாளைக்கு மூணு நடை மலை சுத்துறேங்க’ என்கிறார் ஓட்டுநர். சுற்றியது யார்? இதற்கு மட்டும் இலக்கணம் எப்போதோ வழி செய்துவைத்திருக்கிறது. அரசன் கோயில் கட்டினான் என்றால் ஏவுதற்கருத்தா, கொத்தன் கட்டினான் என்றால் இயற்றுதற்கருத்தா. இரண்டு வாக்கியமும் சரி. எனவே புண்ணியம் இரு தரப்புக்கும் உண்டு. தீராமல் நிற்பது வாடகை. ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் வண்டிக்குக் காலி ரிட்டர்ன் என்ற பேச்சுக்கே இடமில்லை. சில ஓட்டுநர்கள் அதையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.