ஸ்டாண்டு அண்ணாச்சி

"தம்பீ... ஸ்டாண்டு!"

ராஜபாளையத்துக்கும் சேத்தூருக்கும் நடுவே தென்காசி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தக் குரலை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். கேட்ட மாத்திரத்தில் இடது கால் தானாகப் போய் ஸ்டாண்டைத் தட்டும். அநேகமாக அது ஏற்கெனவே மடங்கித்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு தட்டு. திரும்பிப் பார்ப்பதற்குள் கூப்பிட்டவர் கேரளா லாரி கிளப்பிய புழுதிக்குள் போயிருப்பார். நன்றி சொல்ல ஆள் அகப்படாது.

எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. எங்கள் பக்கத்தில் அவர் ஸ்டாண்டு அண்ணாச்சி. வயது 55-க்கும் 60-க்கும் நடுவே எங்கோ நின்றுவிட்டது. மில்லில் வேலை பார்த்து முடித்தவராக இருப்பார். இல்லையென்றால் தளவாய்புரத்திலிருந்து நைட்டி மூட்டை ஏற்றுகிறவராக இருப்பார். வண்டி பழைய ஸ்ப்ளெண்டர். ஹீரோவும் ஹோண்டாவும் 2010-லேயே தனிக்குடித்தனம் போக முடிவெடுத்துவிட்டார்கள் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். பெட்ரோல் டேங்குக்கு யாரும் சொல்லவில்லை. அதில் இன்னும் ஒற்றுமையாகவே இருக்கிறார்கள்.

அவருக்கு யாருடைய முகமும் ஞாபகம் இருக்காது. சக்கரம்தான் ஞாபகம். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "உங்க பின் டயர் மொட்டையாயிருச்சே, மாத்தியாச்சா?" என்று கேட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். பஞ்சு மார்க்கெட் நெரிசலில் ஊரே பச்சை விளக்கைப் பார்த்து நிற்க, அவர் மட்டும் முன்னால் நிற்கும் வண்டிகளின் முழங்காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஸ்டாண்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இடது பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. நேர் ரோட்டில் ஒன்றும் ஆகாது. வலது பக்கம் சாய்ந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். ராஜபாளையத்திலிருந்து வந்து தளவாய்புரம் விலக்கில் இடது பக்கம் ஒடிக்கும்போதுதான் அது ரோட்டைக் குத்தும். தன் காலில் தானே தடுக்கிய மனுஷன் மாதிரி வண்டி கவிழும். அண்ணாச்சியின் ஒரு சத்தம் எத்தனை பேர் பல்லைக் காப்பாற்றியிருக்கிறது என்பதற்குக் கணக்கு கிடையாது. விழாதவனை யார் எண்ணுவது?

அப்படிப்பட்டவருக்கு 2017-ல் முதல் சோதனை வந்தது. பகலில் விளக்கை எரியவிட்டு வருகிறவனுக்கு ஐந்து விரலையும் பூப்போல மூடித் திறந்து காட்டுவது அவருடைய உப தொழில். அந்த ஏப்ரலிலிருந்து வந்த புது வண்டிகளில், ஓடும்போது விளக்கை அணைக்கவே முடியாது. அணைக்க சுவிட்சே கிடையாது. எதிரே வருகிறவனுக்கு வண்டி தெரிய வேண்டும் என்று சட்டமே அப்படி. இது அண்ணாச்சிக்கு ஆறு மாதம் தெரியாது. மூடித் திறந்து, மூடித் திறந்து, மணிக்கட்டு வீங்கிவிட்டது. கடைசியில் டீக்கடையில் ஒரு பையன்தான் உடைத்துச் சொன்னான்.

"அண்ணாச்சி, அது அப்படித்தான் எரியும்."

"எந்நேரமுமா?"

"எந்நேரமும்."

"பட்டப்பகல்லயுமா? கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரியா?"

டீ ஆறிப்போனது.

அந்த வருத்தம் தீர்வதற்குள் அடுத்தது. ஸ்டாண்டு கீழே இருந்தால் இஞ்சினே ஓடாத வண்டிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. பக்கத்து வீட்டில் வாங்கிய புது ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்து, ஸ்டாண்டை இறக்கி ஏற்றிப் பார்த்தார். "அப்போ மனுஷன் எதுக்கு?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

மிச்சம் இருப்பது சேலையும் துப்பட்டாவும். பின்னால் உட்காருகிறவர் துணி சக்கரத்தில் சிக்காமல் பின் சக்கரத்தில் பாதியையாவது ஒரு தகடு மறைத்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. நம் பையன்கள் ஷோரூமிலிருந்து வந்த வாரமே அந்தத் தகட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அது அழகைக் கெடுக்கிறதாம். அதனால் அண்ணாச்சிக்கு இந்தத் துறையில் இன்னும் வேலை இருக்கிறது.

அவரிடம் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். போலீஸ் செக்கிங் நடந்தால், எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் உச்சந்தலையைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் போவார். ஹெல்மெட்டை மாட்டிக்கொள் என்று அர்த்தம். அவன் மாட்டுவான், செக்கிங்கைத் தாண்டுவான், கழற்றுவான். இது தப்பில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "பாவம், 1000 ரூபாய் தம்பி" என்றார். 2022 அக்டோபருக்கு முன்னால் அது வெறும் 100. "நூறுன்னா மொய் எழுதிட்டுப் போயிரலாம். ஆயிரம்னா சீர் செய்யிற மாதிரில்லா?"

ஆனால் யாராவது விழுந்துவிட்டால் அவர் வேறு ஆள். குற்றாலம் சீசனில் ஒருநாள், தோளில் துண்டோடு போன இரண்டு பையன்கள் சேத்தூர் தாண்டிச் சாரலில் சறுக்கி விழுந்தார்கள். நாலு பேர் வண்டியைத் தூக்க ஓடினார்கள். அண்ணாச்சி சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிட்டு ஆளிடம் ஓடினார். சோடாவோடு வந்தவரைத் தடுத்து, "குடுக்காத, 108 வந்து பாக்கட்டும்" என்றார். அப்புறம் அடிபட்டவனின் போனை வாங்கினார். அதில் முதலில் இருந்த பெயர் அம்மா. அதைத் தள்ளிக்கொண்டே போய் மாமாவில் நிறுத்தினார். "அம்மைக்குப் போடக் கூடாது. தாய்மாமன் தாங்குவான்." போனை எடுத்த மாமாவிடம், "ஒண்ணுமில்ல, சின்ன உரசல்தான். பதறாம வாங்க. மொத 48 மணி நேரச் செலவ கவர்மெண்டு பாத்துக்கும்" என்றார். 2021 டிசம்பரில் வந்த திட்டம் அது. எந்தெந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பது வரை விசாரித்து வைத்திருந்தார். முன்பெல்லாம் இப்படி உதவினால் சாட்சிக்கு அலையவேண்டும் என்று ஜனம் பயந்து ஒதுங்கும். உதவுகிறவரைப் பாதுகாக்க 2019-ல் சட்டத்திலேயே ஒரு பிரிவு சேர்த்தார்கள். அண்ணாச்சி அதற்கு முன்பும் ஒதுங்கியதில்லை.

இவ்வளவும் செய்கிறவர் தலையில் ஹெல்மெட் இருக்காது. ஹெல்மெட் உண்டு. கண்ணாடியில் தொங்கும், முழங்கையில் ஆடும், டேங்க் மேல் உட்காரும். ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரைக் கிலோ பால்கோவாவை அதற்குள் வைத்து, வாரையும் மாட்டி, குலுங்காமல் வீடு வரைக்கும் கொண்டுவந்தார். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற ஒரே பால்கோவா அதுவாகத்தான் இருக்கும்.

மதுரையில் நர்ஸாக இருக்கும் மகள் லீவில் வந்தபோது அவரை உட்காரவைத்துக் கதை சொன்னாள். 1935-ல் இங்கிலாந்தில் லாரன்ஸ் என்ற பட்டாளத்துக்காரர், லாரன்ஸ் ஆஃப் அரேபியா என்று பின்னால் சினிமாவாகவே வந்தவர், பைக்கில் வேகமாகப் போனார். எதிர்பாராமல் இரண்டு சைக்கிள் பையன்கள் முன்னால் தெரிந்தார்கள். அவர்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்தார். தலையில் அடி. ஆறு நாளில் போய்ச் சேர்ந்தார். வைத்தியம் பார்த்த ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை டாக்டருக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. பட்டாளத்து பைக் ஓட்டிகளின் சாவுகளை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். ஹெல்மெட் பரவலானது அப்படித்தான்.

அண்ணாச்சி கண் கலங்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பயலுக ரெண்டு பேரும் தப்பிச்சாங்களா?" என்றார்.

"தப்பிச்சாங்கப்பா."

"அப்பச் சரி."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஹெல்மெட்டை எடுத்து அவர் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே 'க்ளிக்' என்று பூட்டினாள். இனிமேல் கழற்ற மாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஆடிக்காற்று. ஊரையே பிடுங்குகிற காற்று. அண்ணாச்சி ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். முன்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண். துப்பட்டாவின் ஒரு முனை பறந்து பறந்து பின் சக்கரத்துப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"தாயீ... துப்பட்டா!"

அவள் திரும்பவில்லை. ஹார்ன் அடித்தார். அவள் வேகத்தைக் கூட்டினாள். இவரும் கூட்டினார். பக்கத்தில் போய்க் கையை ஆட்டினார். முகம் தெரியாத ஓர் ஆள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னவோ முனகிக்கொண்டு கையை ஆட்டினால் எந்தப் பெண்தான் நிற்பாள்? வேறு வழியில்லாமல் முந்திப் போய் மறித்தே விட்டார்.

"யோவ்! பொம்பளப் பிள்ள தனியாப் போனா மறிப்பியா? வண்டிய எடுய்யா!"

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அண்ணாச்சி கண்ணாடியை மேலே தூக்கினார். முகமெல்லாம் வேர்வை.

"ஐயோ, அண்ணாச்சி! நீங்களா?" அவள் பதறிப்போய்த் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகினாள். "கத்திச் சொல்லியிருக்கலாம்ல?"

"கத்துனேன் தாயி. எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு."