நேரமில்லாதவருக்கு நெடுநாவல்

நேரமில்லாதவர்கள் சிறுகதை படிக்கக் கூடாது. இதைச் சொன்னால் நண்பர்கள் என்னை ஒருமாதிரியாகப் பார்க்கிறார்கள். குடும்பஸ்தனாக நீண்ட காலம் குப்பை கொட்டியவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன். சிறுகதைக்கு இடையூறில்லாத இருபது நிமிஷம் வேண்டும். நடுவில் எழுந்து போனால் அது கோபித்துக்கொண்டு செத்துவிடும். அப்படியோர் இருபது நிமிஷம் எங்கள் வீட்டில் கடைசியாக எப்போது கிடைத்தது என்று யோசித்துப் பார்க்கலாம் என்றால், அதற்கும் நடுவில் யாராவது கூப்பிடுகிறார்கள். ஆயிரம் பக்க நாவலுக்கு இந்தக் கெடுபிடியெல்லாம் கிடையாது. எழுந்து போய் மோட்டார் போட்டுவிட்டு வரலாம். மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மதுரை வரை போய்விட்டே வரலாம். திரும்பி வரும்போது வந்தியத்தேவன் அதே குதிரைமேல்தான் உட்கார்ந்திருப்பான்.

“சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு நீள வியாக்கியானமா?” என்பாள் என் மனைவி. ஆனால் இலக்கிய வரலாறு என் பக்கம். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அன்றைய வாசகர் அந்த வேகத்தில்தான் படித்தார். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் முற்பகுதி 1865இல் ஒரு ரஷ்யப் பத்திரிகையில் வரத் தொடங்கியது. முழு நூலாக முடிந்தபோது 1869. டிக்கன்ஸ் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலை 1852-53இல் மாதம் ஒரு மெல்லிய புத்தகமாகப் பிரித்துக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஓட்டினார். ஆக, பெரிய நாவல்களில் பல, விட்டு விட்டுப் படிப்பதற்காகவே பிறந்தவை. மழைக்கால விடுமுறையில் பால்கனியில் சாய்ந்து ஒரே மூச்சில் படிப்பவர்கள்தான் மரபை மீறுகிறார்கள். கேஸ் சிலிண்டருக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவே நாலு பக்கம் படிக்கிற நான் மரபுவாதி.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. கல்கி அவ்வப்போது நின்று, முன்னே நடந்ததை வாசகருக்கு நினைவூட்டிவிட்டுத்தான் மேலே போவார். ஒரே வாரத்தில் ஐந்து பாகத்தையும் விழுங்குகிற இளைஞர்களுக்கு இது எரிச்சலாக இருக்கிறதாம். எனக்கோ தெய்வாதீனம். அன்றைய வாசகர் ஏழு நாளில் மறந்ததை நான் ஒரே ராத்திரியில் மறந்துவிடுகிறேன். அந்தப் பெருமகனார் எழுபது வருஷத்துக்கு முன்பே என் ஞாபகசக்தியைக் கணித்து எழுதி வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டுப் பிரதி கடையில் வாங்கியதல்ல. மனைவியின் பாட்டி, வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, மணியம் படங்களோடு பைண்டு செய்து வைத்த வால்யூம்கள். சீர்வரிசையில் வந்தவை. பித்தளை அண்டா எங்கே என்று தெரியவில்லை, இவை இருக்கின்றன. கதைப் பக்கத்தின் முதுகில் பழைய சோப்பு விளம்பரமும் பாதித் துணுக்கும் இருக்கும். ஒரு துணுக்கில் டாக்டரிடம் போன நோயாளி, “எனக்கு எதைப் பார்த்தாலும்...” என்று ஆரம்பிக்கிறார். மீதி, பாட்டி தூக்கிப்போட்ட பக்கத்தில். நந்தினி யார் மகள் என்பதில் எனக்கிருந்த குழப்பத்தைவிட, அந்த நோயாளிக்கு என்ன ஆச்சு என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

நாங்கள் இருப்பது சென்னை. ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் கரையோரமாகக் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம். 2004 முதல் அதன் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. ஏரி நிரம்பி அலைமோதும் அந்த முதல் அத்தியாயத்தை ஒருநாள் சத்தமாக வாசித்துக்காட்டினேன். மனைவி கண்மூடி ரசித்துக் கேட்பதாக நினைத்தேன். முடித்ததும், “ஏங்க, அவ்வளவு தண்ணி இருக்குன்னா நம்ம சம்ப்புக்கு ஏன் வரல?” என்றாள். இலக்கியத்தின் சமூகப் பயன் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

மகன் வேறு கட்சி. மணிரத்னம் இரண்டு படத்தில், ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிட்டார், நீங்கள் இன்னும் கடம்பூரே தாண்டவில்லையே என்கிறான். அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. 293 அத்தியாயம் எழுதிய பிறகும், கதை திடீரென்று முடிந்துவிட்டதென்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். கல்கி அதற்கென்று தனியாக ஒரு முடிவுரை எழுதி, அவரவர் பிறகு என்ன ஆனார்கள் என்று சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் என் இனம்.

தொடராகப் பிறக்காத நெடுநாவல் எங்கள் வீட்டில் ஒட்டாது. மார்சல் ப்ரூஸ்டிடம் போய் அதைத் தெரிந்துகொண்டேன். 1913இல் தொடங்கி, அவர் 1922இல் இறந்த பிறகும் 1927 வரை வந்துகொண்டிருந்த ஏழு பகுதி நாவல். பாரிஸில் தன் படுக்கையறைச் சுவரெல்லாம் தக்கை பதித்து, வெளிச்சத்தம் புகாமல் அடைத்துக்கொண்டு எழுதினாராம். அப்படி எழுதியதை அப்படித்தான் படிக்க முடியும் போலிருக்கிறது. நான் மிக்சிக்கும் எதிர்வீட்டு டிரில்லிங் மெஷினுக்கும் நடுவே உட்கார்ந்து ஆங்கிலத்தில் முதல் வாக்கியங்களைத் தொட்டேன். தூக்கம் வராமல் புரள்கிற ஒருவரின் கதை. அவருக்கு வராமல் போன தூக்கம் மறுபக்கம் திருப்புவதற்குள் எனக்கு வந்தது. டிரில்லிங்கையும் மீறி வந்தது என்பதை ஆசிரியருக்கான பாராட்டாகவே சொல்கிறேன்.

ஜெயமோகனின் ‘வெண்முரசு’ கதை வேறு. மகாபாரதத்தை 26 நாவலாக, 2014 தொடக்கம் முதல் 2020 வரை தன் இணையதளத்தில் நாளுக்கோர் அத்தியாயம் என்று எழுதினார். கொள்கையளவில் எனக்கென்றே தைத்த சட்டை. கூடவே ஓடிவிடுவது என்று தீர்மானம் செய்து, முதல் நாவலான ‘முதற்கனல்’ முழுக்க ஓடினேன். அப்புறம் ஒரு கல்யாணம், ஒரு வெள்ளையடிப்பு, ஒரு வைரல் காய்ச்சல். பாக்கி சேர்ந்துவிட்டது. நான் ஒன்று படித்தால் அவர் மூன்று எழுதியிருந்தார். ஒரு மனிதர் எழுதுகிற வேகத்துக்கு இன்னொரு மனிதனால் படிக்க முடியவில்லை என்பதை வெளியில் சொல்ல முடியுமா? 2020இல் அவர் முடித்தபோது வாசகர்கள் நெகிழ்ந்தார்கள், கலங்கினார்கள். இனி பாக்கி ஏறாது என்று பெருமூச்சுவிட்டவன் நான் ஒருவன்தான்.

எடை பற்றியும் ஒரு வார்த்தை. கனமான நாவலை மல்லாந்து படுத்துப் படிப்பவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பது நல்லது. அப்படியென்றால் எழுத்து தெரியாது என்பது தனிப் பிரச்சினை. 2011இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. களவும் காவலும் பற்றிய நாவல். மாடிக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் தற்சமயம் அதுதான் காவல் இருக்கிறது. அங்கே நான் வைத்ததல்ல.

இப்போது கையில் இருப்பது ‘போரும் அமைதியும்’, டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பு. அதன் வரலாற்றைச் சொல்லி வீட்டில் மரியாதை தேடப்பார்த்தேன். டால்ஸ்டாயின் கோழிக்கிறுக்கல் கையெழுத்தை அவர் மனைவி சோஃபியா திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக் கொடுத்தார், அதுவும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, என்றேன். “அந்தம்மா காப்பி எடுத்தாங்க, நான் காப்பி போடறேன். அங்க எழுதினவருக்கு, இங்க படிக்கிறவருக்கு. அவ்வளவுதானே வித்தியாசம்?” என்றாள். தம்ளரை அவள் வைத்த சத்தத்தில் பேச்சு முடிந்தது.

இந்த நாவலில் பெயர்கள்தான் சோதனை. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்; போதாததற்கு நிக்கோலாய் என்ற பெயரில் ஒரு கிழவர், ஒரு வாலிபர், ஒரு பேரப்பிள்ளை. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் குறிப்பெழுதி வைத்துக்கொண்டேன். ‘மரியா: சொத்து நிறைய. முகம் சுமார், கண் அழகு. அப்பா ரிடையர்டு மிலிட்டரி, முன்கோபி. நிக்கோலாய்: மிலிட்டரி, நல்ல குடும்பம், சீட்டாட்டத்தில் கடன். பொருந்துமா?’

எங்களோடு வந்து தங்கியிருக்கும் மாமியார் கையில் அது கிடைத்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக ஆரம்பித்தார்.

“யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறீங்க? பொண்ணு நல்ல இடமாத்தான் தெரியுது. ஆனா சீட்டாடறவன் வேண்டாம்.”

“அத்தை, அது ரஷ்ய நாவல்.”

“எந்த ஊரா இருந்தா என்ன? சீட்டு சீட்டுதானே.”

அன்றிலிருந்து தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படித்த நாலு பக்கத்தை அவருக்குச் சொல்லியாக வேண்டும். போரோடினோ போர்க்களத்தை இரண்டே வாக்கியத்தில் முடிக்கச் சொல்வார்; மரியாவின் அப்பா பெண்ணைத் திட்டும் இடங்களை விரிவாகக் கேட்பார். டால்ஸ்டாய் 500க்கு மேற்பட்ட பாத்திரங்களை உருவாக்கினார். மாமியார் அதில் நூற்றுக்கணக்கானவர்களை, நெப்போலியன் உட்பட, தேவையில்லை என்று கழித்துக்கட்டிவிட்டார். ஆனால் நெருப்பில் மாஸ்கோ எரிந்த இரவில், “ஊரை விட்டுப் போறப்ப அந்த நத்தாஷா வண்டியில சாமானை இறக்கிட்டு அடிபட்டவங்களை ஏத்தினாளே, அவ நல்லாயிருப்பா” என்று தானாகவே சொன்னார். நான் வேகமாகப் புரட்டிக் கடந்த பக்கம் அது.

நேற்று ராத்திரி கேட்டார். “மரியாவுக்கு அமைஞ்சுதா?”

“அமைஞ்சுது அத்தை. நிக்கோலாய்தான்.”

“சீட்டு?”

“விட்டுட்டார். விவசாயம் பார்க்கறார். மூணு குழந்தை, அடுத்தது வயித்துல.”

“நத்தாஷா?”

“பியேரைக் கட்டிக்கிட்டா. நாலு பிள்ளை, உடம்பு போட்டுட்டா, புருஷனை அப்படி இப்படி நகர விடறதில்ல.”

“ரொம்ப சந்தோஷம்” என்று எழுந்தவர், என் விரல் புத்தகத்தின் கடைசிக் கத்தையில் செருகியிருப்பதைப் பார்த்து நின்றார். “எல்லாருக்கும்தான் ஆயிடுச்சே. இன்னும் என்ன பக்கம்?”

“கடைசியா 12 அத்தியாயம். கதை கிடையாது அத்தை. சரித்திரம்னா என்ன, அதை யார் நடத்தறாங்கன்னு டால்ஸ்டாய் பேசறார்.”

“யாருகிட்ட?”

“யாருகிட்டயும் இல்ல. பாத்திரங்கள் எல்லாம் போயாச்சு. அவர் மட்டும்தான்.”

மாமியார் என்னைச் சற்று நேரம் பார்த்தார். அடுக்களையிலிருந்து தன் மகளும் பார்ப்பதைப் பார்த்தார்.

“பாவம். யாராவது ஒருத்தர் கேட்கணுமில்ல, நீங்க படிங்க மாப்பிள்ளை.”